வாய்பேசா முயலும் அதன் வயிற்று நலமும்

பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்பதற்காக முயற்குட்டி ஒன்றை வாங்கி வந்து, கம்பிக் கூட்டில் வைத்து, கரட்டும் பாண் துண்டும் கொடுத்து வளர்க்கும் வீடுகள் எம் மத்தியில் உண்டு. சில மாதங்களின் பின்னர் ஒரு காலைப்பொழுதில் அம்முயல் விறைத்துக் கிடக்கக் காணும் வீட்டார், நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்று கூறி வருந்துவர். பெரும்பாலும் அது நேற்றே நோயுற்றிருந்திருக்கும். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் தன் பலவீனத்தை வெளிக்காட்டுவதில்லை. முயல் குரைப்பதுமில்லை, பெரும்பாலும் கத்துவதுமில்லை. எனவே அதன் நலத்தை அறிய விரும்புவோர் முதலில் அதன் வயிறு இயங்கும் விதத்தை அறிந்திருத்தல் அவசியமாகும்.

வீடுகளில் வளர்க்கப்படும் முயல்கள் யாவும், ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பியக் காட்டு முயலின் வழித்தோன்றல்களாகும். சத்துக் குறைந்ததும் நார்ப்பொருள் மிகுந்ததுமான புல்லை ஓயாது மேய்ந்து உயிர்வாழும் வகையிலேயே அதன் உடல் அமைந்துள்ளது. அதன் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை அரைத்து உண்பதனாலேயே அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. புல் கிடைக்காத முயலின் கடைவாய்ப் பற்கள் கூர்மையாக வளர்ந்து, நாக்கையும் கன்னத்தையும் புண்படுத்துகின்றன. வாய் புண்பட்ட முயல் உண்ண மறுக்கின்றது.

முயலின் பெருங்குடல் தனக்கு வரும் உணவை இரண்டாகப் பிரிக்கின்றது. பெரிய நார்த்துண்டுகள் உருண்டையான உலர்ந்த புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகள்களும் நீரும் குருட்டுக்குடலுக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. மனிதரில் சிறிதாகவே காணப்படும் இக்குருட்டுக்குடல், முயலில் வயிற்றறையின் பெரும்பகுதியை நிரப்பி நிற்கின்றது. அங்கு வாழும் நுண்ணங்கிகள் உணவை நொதிக்கச் செய்து, புரதமும் பி வகை விற்றமின்களும் செறிந்த மென்மையான உருண்டைகளை உருவாக்குகின்றன. அவை வெளிவரும்போதே முயல் அவற்றை நேரடியாக வாயால் எடுத்து உண்டு விடுகின்றது. இதனைக் கண்டு அருவருப்படைவோர் உளர். ஆயினும் இது நோயன்று; முயலின் போசணைக்கு இன்றியமையாத இயல்பாகும். இம்மென் உருண்டைகள் உண்ணப்படாமல் கூட்டில் நசுங்கிக் கிடக்குமாயின், உணவில் மாப்பொருள் அதிகம் என்றோ, முயல் அளவுக்கு மீறிப் பருத்துவிட்டது என்றோ, குனிய முடியாத வலி உள்ளது என்றோ சந்தேகிக்க வேண்டும்.

இந்த இயக்கம் முழுவதையும் தொடர்ந்து நடத்துவது நார்ப்பொருளே. பாண், பிஸ்கட், சோறு, தானியம் ஆகியவை நார் குறைந்தவை. அவற்றிலுள்ள மாப்பொருள் குருட்டுக்குடலின் நுண்ணங்கிச் சமநிலையைக் குலைத்து, நச்சை உண்டாக்கும் பக்ரீரியாக்கள் பெருக வழிசெய்கின்றது. 1940 இல் திரைக்கு வந்த பக்ஸ் பனி என்னும் கேலிச்சித்திர முயல் கரட்டைக் கடித்தவாறே உலகெங்கும் புகழ்பெற்றது. அதனாலோ என்னவோ, கரட்டே முயலின் பிரதான உணவு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. சர்க்கரை மிகுந்த கரட்டுக் கிழங்கை இடைக்கிடை ஒரு சிறு துண்டாகக் கொடுத்தாற் போதுமானது. அதன் இலையே முயலுக்கு ஏற்ற உணவாகும்.

உணவு சரியாக இருந்தும் வயிறு நின்றுபோவதுண்டு. அதற்குக் காரணம் அச்சமும் மன உளைச்சலுமாகும். பயந்த முயலின் உடலில் சுரக்கும் அதிரனலின் குடலின் அசைவைத் தணித்து விடுகின்றது. அயல்வீட்டு நாயின் குரைப்பு, கூட்டைச் சுற்றி வரும் பூனை, புத்தாண்டிலும் தீபாவளியிலும் கொளுத்தப்படும் சீனவெடி, இடமாற்றம், உடன் வாழ்ந்த இணையின் இழப்பு, பிள்ளைகள் ஓயாது தூக்கி விளையாடுதல் என்பன எமக்குச் சிறியனவாகத் தோன்றலாம். முயலுக்கு அவை உயிர் அச்சமாகும். எமது நாட்டில் வெப்பத்தையும் இவற்றோடு சேர்த்துக் கொள்ள வேண்டும். வியர்த்து உடலைக் குளிர்விக்க இயலாத முயல் காதுகளின் வழியாகவே பெருமளவு வெப்பத்தை வெளியேற்றுகின்றது. தகரக் கூரையின் கீழ், காற்றோட்டமற்ற இடத்தில் வைக்கப்படும் கூடு பகற்பொழுதில் அதற்கு அடுப்பாகி விடும்.

குடலின் அசைவு தளர்ந்தால் உள்ளிருக்கும் உணவு வரண்டு இறுகுகின்றது, வாயு சேர்கின்றது, வலி உண்டாகின்றது. வலியினால் முயல் உண்ண மறுக்க, உண்ணாமையினால் குடல் மேலும் தளர்கின்றது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. பருத்த முயல் பட்டினி கிடக்குமாயின் அதன் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிராபத்து விரைந்து நெருங்கும். வயிற்றில் மயிர்த்திரளைக் காணும்போது அதுவே நோய்க்குக் காரணம் என முன்னர் கருதப்பட்டது. முயல் தன் உடலை நக்குவதனால் வயிற்றில் மயிர் இருப்பது இயல்பே என்பதும், குடல் நின்றபின் நீர் வற்றுவதாலேயே அது இறுகுகின்றது என்பதும் இன்று அறியப்பட்டுள்ளன.

எனவே வளர்ப்போர் நாள்தோறும் நோக்க வேண்டியவை இரண்டு. உணவு குறைகின்றதா? புழுக்கை விழுகின்றதா? புழுக்கைகள் சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, முயல் முதுகைக் கூனி மூலையில் ஒடுங்கிப் பற்களை நெறுமினாலோ நாளை பார்க்கலாம் என்று விட்டுவிடலாகாது. 12 மணித்தியாலங்கள் உண்ணாத முயல், அவசர சிகிச்சைக்குரிய நோயாளியாகும். வயிறு பறைபோல் வீங்கியிருப்பின் குடல் அடைபட்டிருக்கலாம். அந்நிலையில் உணவை வலிந்து ஊட்டுவது ஆபத்தானது. மனிதருக்குரிய மருந்துகளைத் தாமாகவே கொடுப்பதும் தகாது. குறிப்பாக பெனிசிலின், அமொக்சிசிலின் ஆகியவற்றை வாய்வழியே கொடுத்தால் குருட்டுக்குடலின் நன்மை தரும் நுண்ணங்கிகள் அழிந்து முயல் மடிய நேரிடும். சத்திர சிகிச்சைக்கு முன்னர் நாயையும் பூனையையும் பட்டினி வைப்பதுபோல் முயலையும் வைத்தலாகாது.

தடுப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. உணவின் பெரும்பகுதி புல்லாகவே இருத்தல் வேண்டும். எமது வளவுகளில் வளரும் அறுகம்புல்லும் வேலியோரத்துக் கினிப்புல்லும் இதற்குப் போதுமானவை. களைகொல்லி தெளித்த இடத்திலும் வாகனப் புகை படியும் வீதியோரத்திலும் வெட்டிய புல்லைத் தவிர்க்க வேண்டும். மழைக்காலத்துக்கெனப் புல்லை உலர்த்திச் சேமித்து வைக்கலாம். நெல் வைக்கோல் படுக்கைக்கு உதவுமேயன்றி புல்லுக்கு ஈடாகாது. கொத்தமல்லி இலை, முள்ளங்கி இலை போன்றவற்றைக் கைப்பிடியளவு சேர்க்கலாம். புதிய உணவு எதனையும் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். வெங்காயம், உள்ளி, ஆனைக்கொய்யா ஆகியவற்றை அறவே கொடுக்கலாகாது. தூய நீர் எந்நேரமும் இருக்க வேண்டும். முயல் ஒளிந்துகொள்ள இருண்ட பெட்டியொன்றும், ஓடித்திரியச் சிறிது இடமும், நிழலும் அளிக்கப்படுமாயின் அதன் அச்சம் பெரிதும் தணியும்.

முயற்குட்டிகளை விற்போர் அவற்றுடன் இவ்விளக்கங்களை ஒரு தாளிலேனும் எழுதிக் கொடுப்பார்களாயின் பல உயிர்கள் காக்கப்படும் என்பது எமது கருத்தாகும். நல்ல பராமரிப்பில் 8 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஓர் உயிரை, சில மாதங்களில் முடிந்துபோகும் விளையாட்டுப் பொருளாகப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது நன்றன்று. முயலின் கிண்ணத்தையும் கூட்டின் அடித்தட்டையும் நாள்தோறும் பார்க்கும் பொறுப்பைப் பெற்றோரின் துணையுடன் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். வாய்பேசா உயிரின் துன்பத்தைக் குறிப்பறிந்து உதவும் பண்பை அவர்கள் அதன்மூலம் கற்றுக்கொள்வார்கள்.