மாநிறக் கட்டி

மாநிறம் என்ற சொல்லில் வரும் ‘மா’வுக்குக் கருமை என்று பொருள். அந்த மங்கிய நிறத்துக்குக் கிரேக்கத்தில் ‘பயோஸ்’ என்று பெயர். அதோடு நிறத்தைக் குறிக்கும் ‘குரோமா’, செல்லைக் குறிக்கும் ‘கைட்டோஸ்’ சேர்ந்து, கட்டிக்குரிய ‘ஓமா’ வாலாக ஒட்டியதுதான் பியோகுரோமோசைட்டோமா, அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டி. 1912இல் பெர்லின் நோய்க்குறியியலாளர் லுட்விக் பிக் வைத்த பெயர். யூதரான அவர் 1944இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்.

அந்த நிறம் சோதனைச்சாலை ஏற்றியது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகளால் குரோமியத்தை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்; அங்கே அதன் உப்பு தோலை நீலமாக்குகிறது. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியையோ அதன் வேறோர் உப்பு பழுப்பாக்கிவிடும். 1865இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் ஹென்லே கண்டது இது. அட்ரினலின் ஆக்சிஜனேற்றம் அடைவதே காரணம். பிராகாவின் ஆல்ஃபிரட் கோன் இத்தகைய செல்களைக் குரோமாஃபின் என்றார். நரம்பு முடிச்சுகளை ஒட்டிக் கிடக்கும் அவற்றின் திரளுக்குப் பாராகாங்கிலியன் என்று பெயரிட்டார். அட்ரினலுக்கு வெளியே, கழுத்திலோ வயிற்றிலோ முளைக்கும் கட்டி பாராகாங்கிலியோமா ஆனது அப்படித்தான்.

இரண்டு பெயரிலும் நோயாளி இல்லை என்பது என் குறை. பெயருக்கு முன்பே, 1886இல், ஃபிரைபர்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி நெஞ்சு படபடப்பும் தலைவலியும் விட்டு விட்டு வந்து இறந்தாள். பிரேதப் பரிசோதனையில் இரு அட்ரினலிலும் கட்டி. அவளுடைய உறவினரின் வழித்தோன்றல்களிடம் இந்தக் கட்டியை வரவழைக்கும் ஆர்இடி மரபணு மாற்றம் இருப்பதை 2007இல் கண்டுபிடித்தார்கள். அதுவரை அவள் சாவு வெறும் விதியாகத்தான் இருந்தது.

தருமபுரியில் யாரும் பியோகுரோமோசைட்டோமா என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. ‘திடீர்னு படபடன்னு வருது, வேர்த்துக் கொட்டுது’ என்பார்கள். 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் 2021இல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. இன்று வீட்டு வாசலிலேயே பி.பி. பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் கட்டி அட்ரினலினைக் கொட்டும்போது அழுத்தம் அலையலையாக எகிறும். அளக்கும் நேரத்தில் சரியாகக்கூட இருக்கும். பி.பி. உள்ளவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது இருக்கும் என்பதால் சந்தேகமும் எளிதில் எழாது. சந்தேகம் வந்தால் 24 மணி நேரச் சிறுநீரிலோ ரத்தத்திலோ அட்ரினலினின் சிதைவுப்பொருளான மெட்டாநெஃப்ரின் பார்ப்பார்கள். அறுவைக்கு முன் ஆல்ஃபா தடுப்பு மருந்துதான் முதலில். பீட்டா தடுப்பு மாத்திரை முந்திக்கொண்டால் அழுத்தம் இன்னும் ஏறும்.