சுமந்து செல்ல இயலாத கலை

சிற்பம் என்பது யாது என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்லிலோ மரத்திலோ செதுக்கியும், உலோகத்தில் வார்த்தும் ஆக்கிய பொருள் அது. அதனைச் சுற்றி வந்து காண்கிறோம். இருபதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் வளர்ந்த 'நிறுவல் கலை'யோ வேறு வகையினது. அங்கே காண்பவர் படைப்பின் உள்ளேயே நுழைந்து விடுகிறார். சுவர், தரை, வெளிச்சம், நடக்கும் வழி யாவும் அப்படைப்பின் உறுப்புகளே. இவ்வேறுபாட்டை இலக்கணம் வகுத்துக் கூறுவதினும், இரு வரலாறுகளை அருகருகே வைத்து நோக்கினால் தெளிவு பிறக்கும்.

வெனிஸ் நகரத்துப் புனித மார்க் தேவாலயத்திற்கு உரியவை நான்கு செப்புக் குதிரைகள். பொன் முலாம் பூசப்பெற்ற இப்பழஞ் சிற்பங்கள் ஒரு காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிளில் நின்றவை. 1204இல் நான்காம் சிலுவைப் போர்ப் படையினர் அந்நகரைச் சூறையாடியபோது, கொள்ளைப் பொருள்களோடு இவையும் வெனிஸ் சென்றன. 1797இல் வெனிஸை வீழ்த்திய நெப்போலியன் இவற்றைப் பாரிசுக்குக் கொண்டு போனான். அவன் வீழ்ந்த 1815இல் இவை வெனிஸுக்கே மீண்டன. இன்று அவை தேவாலயத்தின் உள்ளே காக்கப்படுகின்றன; வெளிமுகப்பில் நிற்பவை நகல்களே. இத்தனை கைகள் மாறியும் குதிரைகள் குதிரைகளாகவே இருக்கின்றன. இடம் பெயர்ந்தாலும் தன்னைத் தானே தாங்கி நிற்பது சிற்பத்தின் இயல்பு.

இனி மற்றொரு வரலாறு. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் வாழ்ந்தவர் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்னும் கலைஞர். 1923ஆம் ஆண்டளவில் அவர் தம் இல்லத்து அறையொன்றில் தூண் போன்ற அமைப்புகளை எழுப்பத் தொடங்கினார். மரத்துண்டுகளும் சுண்ணச் சாந்தும், பிறர் எறிந்த பொருள்களும், நண்பர்கள் விட்டுச் சென்ற சிறு நினைவுச் சின்னங்களும் அதில் இடம் பெற்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அது சுவரில் படர்ந்து, கூரையைத் தொட்டு, அறையையே தனக்குள் அடக்கிக் கொண்டது. 'மெர்ஸ்பாவ்' என்பது அதன் பெயர். நிறுவல் கலை என்ற சொல் பிற்காலத்தது எனினும், அக்கலையின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கருதுவர்.

நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1937இல் அவர் நார்வேக்குத் தப்பினார். மனைவி ஹெல்மா ஹனோவரிலேயே தங்கினார். ஓவியங்களைச் சுருட்டிக் கொள்ளலாம். சிலையைப் பெட்டியில் அடைக்கலாம். ஓர் அறையை எவ்வாறு சுமப்பது? 1943 அக்டோபரில் நேச நாட்டு விமானங்கள் பொழிந்த குண்டுகளால் அவ்வில்லம் அழிந்தது. அதனோடு மெர்ஸ்பாவும் மறைந்தது. அடுத்த ஆண்டு ஹெல்மாவும் காலமானார்.

அகதியாய் இங்கிலாந்து சேர்ந்த ஷ்விட்டர்ஸ், 1947இல் எல்டர்வாட்டர் என்னும் சிற்றூரில் ஒரு களஞ்சியத்தினுள் மீண்டும் அத்தகைய பணியைத் தொடங்கினார். ஒரு சுவரும் முற்றுப் பெறாத நிலையில், 1948 ஜனவரியில் அவர் இறந்தார். 1965இல் அச்சுவரைப் பெயர்த்து நியூகாசில் நகரின் ஹட்டன் கலைக்கூடத்தில் வைத்தனர். சுவர் பிழைத்தது, ஆயின் அதனைச் சூழ்ந்திருந்த களஞ்சியம் உடன் வரவில்லை. ஹனோவரில் 1981 முதல் 1983 வரை, 1933இல் எடுத்த புகைப்படங்களைக் கொண்டு மெர்ஸ்பாவின் ஒரு பகுதியை மீண்டும் கட்டினர். அங்குச் செல்வோர் உள்ளே நுழைந்து காணலாம். ஆனால் நண்பர்களின் நினைவுகளை மாடத்தில் பொதிந்து வைத்த அந்தக் கைகளின் வேலை அதில் இல்லை.

சிற்பம் தன் உருவத்தில் வாழ்கிறது. நிறுவல் கலை தன் இடத்தில் வாழ்கிறது. கள்வனும் வேந்தனும் கவர்ந்து சென்றபோதும் குதிரைகள் தப்பின. எவரும் கவர இயலாத அந்த அறையோ வீட்டோடு மடிந்தது. ஊரைத் துறந்து வந்தவர்கள் எதை எடுத்து வந்தோம், எதை விட்டு வந்தோம் என எண்ணிப் பார்ப்பதுண்டு. ஷ்விட்டர்ஸ் விட்டு வந்தது, தாம் உள்ளே நின்று வாழ்ந்த ஒரு படைப்பை.