குளவி வந்த வழியும் டீல்ட்ரின் வந்த வழியும்: மலைநாட்டுத் தேயிலையில் ஓர் அறிவியல் ஒத்துழைப்பின் மறுவாசிப்பு

1935–36இல் ஜாவாவிலிருந்து இலங்கைக்கு ஒரு சின்னஞ்சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அப்போது டச்சு ஆட்சியில் இருந்த ஒரு குடியேற்ற நாடு, பிரித்தானிய ஆட்சியில் இருந்த இன்னொன்றுக்குக் கொடுத்த ஒட்டுண்ணி அது. மெக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்ற அறிவியற் பெயர்கூட அதற்குப் பின்னர்தான் கிடைத்தது. தேயிலை இலைகளை நூலால் ஒட்டிக் கூடமைத்து, உள்ளே இருந்து தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவின் உடலில் இக்குளவி முட்டையிடும். பொரித்து வரும் குடம்பி புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். மலைநாட்டின் பெரும் பீடையாக இருந்த டோர்ட்ரிக்ஸ் சில ஆண்டுகளில் சிறு தொல்லையாகச் சுருங்கிப்போனது.

உயிரியல் பீடைக்கட்டுப்பாட்டு நூல்களில் இது வெற்றிக் கதையாகவே வருகிறது. ஓரிடத்தில் இருந்த நல்ல பொருள் இன்னோரிடத்துக்குப் போனது, பயன் கண்டது என்பதோடு அந்நூல்கள் கதையை முடித்துவிடுகின்றன. வளர்முக நாடுகளுக்கான அறிவியல் உதவி பற்றிய ஆய்வுகளும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டுள்ளன. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், என்ன கைமாறியது என்று கேட்பதோடு அவை நின்றுவிடுகின்றன. கைமாறிய பொருள் கெட்டுப்போனபோது அதை யார் கண்டுபிடித்தார் என்ற கேள்வியை இக்கட்டுரை முன்வைக்கிறது.

குளவி கெட்டுப்போகத்தான் செய்தது. அதற்குக் காரணம் வேறொரு பூச்சி. வட்டவளை போன்ற, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்துத் தோட்டங்களுக்கு நன்கு பழக்கமான கொப்புத் துளைக்கும் வண்டு அது. பெண் வண்டு இரண்டு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். தேயிலைக் கொப்பில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை போட்டு உள்ளே சுரங்கம் அமைத்து, அதன் சுவரில் பூஞ்சணம் வளர்க்கும். அதன் குடம்பிகளுக்கு மரத்தைவிட அந்தப் பூஞ்சணமே உணவு. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த கேடும் லூஸும் 1947இல் அப்பூஞ்சணத்தை விவரித்தார்கள். சுரங்கம் ஓடிய கொப்பு, கொழுந்து பறிப்பவர் நிரைக்குள் இடுப்பால் தள்ளிக்கொண்டு போகும்போது முறியும். சேதம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அப்போதுதான்.

கொப்புக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியை மருந்து எட்டாது. அது துளைக்க வரும் நேரத்தில் பட்டையில் நஞ்சு இருந்தாக வேண்டும். மழையிலும் கரையாமல் நெடுநாள் நிலைக்கும் டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லி அதற்கென்றே செய்ததுபோல் தோன்றியது. குளவியைப் போலவே அதுவும் வெளிநாட்டு அறிவியலின் கொடைதான். ஆனால் மருந்தடித்த மலைகளில் டோர்ட்ரிக்ஸ் மீண்டும் தலைதூக்கியது. வண்டைக் கொல்ல வந்த நஞ்சு குளவியையும் கொன்றிருந்தது.

இங்கேதான் 1969இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை முக்கியமாகிறது. அதே ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தந்தநாராயணவும் கதிரவேற்பிள்ளையும் பிரித்தானியாவின் பயன்பாட்டுச் சூழலியல் இதழில் எழுதிய அது, தேயிலைச் சுள்ளிப் புழுவின் திடீர்ப் பெருக்கத்தை ஆராய்ந்தது. அதுவரை பெரிதாகப் பேசப்படாத அப்புழு, டீல்ட்ரின் அடித்த இடங்களில் பெருகியதற்குக் காரணம் இயற்கை எதிரிகளின் அழிவே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். பின்வந்தவர்கள் இதை இரசாயனத்தின் தீமைக்குச் சான்றாகவே படித்தார்கள். அவ்வாசிப்பு தவறன்று, ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது.

சுள்ளிப் புழு ஜாவாவிலிருந்து வந்த குளவிக்கு இரையன்று. டோர்ட்ரிக்ஸ் மட்டும் திரும்பியிருந்தால், கொண்டுவந்த ஒட்டுண்ணி நிலைக்கவில்லை என்று சொல்லி, இன்னொரு தொகுதி குளவியைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டுப் பிரச்சினையை மூடியிருக்கலாம். உள்ளூர் எதிரிகளால் அடங்கிக் கிடந்த இரண்டாவது புழுவும் பெருகியது என்று காட்டியதால்தான் குற்றம் குளவியிடமிருந்து மருந்துக்கு இடம்மாறியது. அதற்கு, அற்பப் புழு என்று தள்ளாமல் உள்ளூர்ப் பூச்சிகளின் வாழ்க்கையைத் தோட்டங்களிலேயே படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். 1963இல் ஜெனீவாவில் ஐ.நா. கூட்டிய மாநாடு, பின்தங்கிய பகுதிகளின் நன்மைக்கு அறிவியலைப் பயன்படுத்துவது பற்றிப் பேசியது. அங்கே முன்னின்றது ஏற்கனவே உள்ள அறிவைக் கொண்டுசேர்க்கும் வேலை. கொண்டுசேர்த்தது பிழைத்தால் அதைக் கண்டறியும் திறமையை 1969ஆம் ஆண்டுக் கட்டுரையில் காண்கிறோம். ஒத்துழைப்பின் மதிப்பை அளக்க வேண்டிய இடம் அதுவே என்று துணிந்து சொல்லலாம்.

1925இல் தோட்டத் தொழிலின் தேவைக்காகத் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை வளர்முக நாட்டு அறிவியலுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். யாருக்காகத் தொடங்கியது என்பது, அங்கே பின்னாளில் யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை ரத்துச் செய்வதில்லை. பூச்சிகளின் எண்ணிக்கையில் தட்பவெப்பத்துக்கும் பங்குண்டு என்ற மறுப்பு உண்மையே. ஆனால் மருந்தடித்த மலையில் மட்டும் தட்பவெப்பம் மாறுவதில்லை.

கூடுதல் கவனத்துக்குரிய குறை வேறொன்று. அக்கட்டுரையின் பொருள் பூச்சி. மருந்து அடித்த கைகள் அதன் எல்லைக்குள் வரவில்லை. அத்தோட்டங்களில் உழைத்த, 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை எழுதப்பட்டது. எந்தக் கொப்பு முறிகிறது, எந்த இலை சுருண்டிருக்கிறது என்பதைத் தினமும் முதலில் காண்பவர்கள் அவர்கள்தான். அவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்ட காலமும் டீல்ட்ரினின் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க அறிவியல் வரலாறும் முன்வரவில்லை, மலையக வரலாறும் முன்வரவில்லை.

அறிவு ஒரே திசையில் ஓடியது என்ற எண்ணத்தை வண்டின் பிற்காலக் கதையும் அசைக்கிறது. 1868இல் பூச்சியியலாளர் ஐக்ஹொஃப் இலங்கை மாதிரியைக் கொண்டு விவரித்த இனத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட வண்டுகள், இந்த நூற்றாண்டில் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் வெண்ணெய்ப்பழ மரங்களைத் துளைத்தன. தென்னாபிரிக்காவின் நகர மரங்களும் தப்பவில்லை. ஒரே இனம் என்று கருதப்பட்டது உண்மையில் பல இனங்களின் கூட்டம் என்பதை 2018–19இல் வந்த மரபணு, உருவியல் ஆய்வுகள் தெளிவாக்கின. வண்டும் பூஞ்சணமும் சேர்ந்து வாழும் முறையை அங்குள்ளவர்கள் ஆராயத் தொடங்கியபோது, அதற்கான அடித்தளம் தலவாக்கலையில் எப்போதோ இடப்பட்டிருந்தது.

அடுத்த வேலை தோட்டக் காரியாலயங்களில் இருக்கிறது. யார் எந்த நாளில் எந்த வேலைக்குப் பேர் போட்டார் என்பது செக்றோலில் பதிவாகும். எந்த மலைக்கு எப்போது மருந்து போனது என்பது தோட்டத்தின் வேறு கணக்குகளில் தேட வேண்டியது. அக்காலத்துப் புத்தகங்கள் கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பியிருக்கும் தோட்டங்களில் இவற்றை 1969ஆம் ஆண்டுக் கட்டுரையோடு ஒப்பிட்டால், குளவி மடிந்த மலைகளில் மருந்துத் தொட்டியைத் தோளில் சுமந்தவர்கள் யார் என்பதையும் எழுத முடியும்.