நிரம்பைக்காரர் போட்ட ஃபுட்நோட்

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் எழுதும் எல்லோரும் சபிக்கும் பகுதி ஒன்று உண்டு. பிப்ளியோகிராஃபி! ஆசிரியர் பெயர் முன்னால் வருமா, ஆண்டு அடைப்புக்குறிக்குள் வருமா, கமாவா, புள்ளியா... இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. சிகாகோ கையேடு 1906இல் வந்தது. ஏ.பி.ஏ. முறை 1929இல் வெறும் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. எம்.எல்.ஏ. 1951இல்.

ஆனால் 'இதைச் சொன்னது எந்த நூல்' என்று எழுதிவைக்கும் பழக்கம் கொங்கு நாட்டுக்கு அதைவிடப் பல நூற்றாண்டு பழையது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் 12 அல்லது 13ஆம் நூற்றாண்டுக்காரர். ஊர் நிரம்பை. பெருந்துறை, விஜயமங்கலம் பக்கம் என்பார்கள். ஆதரித்தவர் பொப்பண்ண காங்கேயர்கோன். பெயரைக் கேட்டாலே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும்!

சிலம்பில் இசையும் கூத்தும் நிறைய. அதற்குப் பொருள் சொல்ல இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரத சேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்ற ஐந்தையும் பயன்படுத்தியதாக அவரே பட்டியல் தருகிறார். நூலின் பெயரோடு அதைச் செய்தவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பக்க எண் கிடையாது. ஓலைச்சுவடியில் அது இருந்தும் பயனில்லை. ஒருவர் பிரதியில் பத்தாம் ஏட்டில் இருப்பது இன்னொருவர் பிரதியில் வேறு ஏட்டில் இருக்கும்.

எல்லா உரையாசிரியர்களும் இப்படி இல்லை. பின்னால் வந்த நச்சினார்க்கினியர் பெரிய மேதை. ஆனால் மேற்கோள் காட்டிவிட்டு, நூலின் பெயரைச் சொல்லாமல், பிறரும் இப்படிச் சொன்னார்கள் என்று போய்விடுவார். யார் அந்தப் பிறர்? 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் உ.வே.சாமிநாதையர் இதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு வரியும் எந்த நூலில் இருக்கிறது என்று ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலில்தான் சங்க நூல்கள் பல அவருக்குப் பிடிபட்டன என்பது வேறு விஷயம்.

அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை அவர் 1892இல் வெளியிட்டார். அதில் வந்த நூற்பெயர்களில் பலவற்றுக்கு அன்று சுவடியே இல்லை. அப்படி ஒரு நூல் இருந்தது என்பதற்கு உரையாசிரியர் எழுதிவைத்த பெயர்தான் சாட்சி. யோசித்துப் பாருங்கள், அவரும் 'பிறர்' என்று எழுதிப் போயிருந்தால் எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

அந்தப் பட்டியலில் மூன்றாவது, பஞ்சமரபு. அறிவனார் செய்தது. அதன் சுவடியைக் கண்டெடுத்து 1970களில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் புலவர் வே.ரா.தெய்வசிகாமணிக் கவுண்டர். அவரும் கொங்கு நாட்டவரே! கையில் கிடைத்த ஏடு என்ன நூல், அதன் மதிப்பு என்ன என்று அறிஞர்கள் உடனே புரிந்துகொள்ள முடிந்ததற்குக் காரணம், எழுநூறு வருடத்துக்கு முன்பே நிரம்பைக்காரர் பெயரை எழுதிவைத்திருந்ததுதான்.

இசைநுணுக்கமும் இந்திரகாளியமும் முழு நூலாக இன்னும் கிடைக்கவில்லை.