எழுத்து (இதழ்)

எழுத்து, சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையில் தொடங்கி நடத்திய இலக்கியச் சிற்றிதழ். 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்தது இதன் பக்கங்களில்தான். ஆனால் இதழ் தொடங்கப்பட்டது கவிதைக்காக அல்ல, விமர்சனத்துக்காக.

வத்தலக்குண்டில் வளர்ந்த செல்லப்பா (1912–1998) மணிக்கொடி இதழ் வழிவந்த சிறுகதையாசிரியர். பெரும் பத்திரிகைகளில் தொடர்கதை கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரு படைப்பை அலசி எடைபோட இடமில்லையே என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது. எழுத்து அந்த இடமானது; க. நா. சுப்ரமண்யம், வெங்கட் சாமிநாதன் போன்றோர் அதில் நின்று வாதாடினார்கள்.

கவிதை பக்கவாசல் வழியாக நுழைந்தது. பாரதியின் வசன கவிதையும் வால்ட் விட்மனும் தந்த தூண்டுதலில் ந. பிச்சமூர்த்தி 1934 முதலே யாப்பில்லாக் கவிதை எழுதிப் பார்த்தவர். முயற்சி இடையில் அடங்கிப்போயிருந்தது. அவருடைய பழைய கவிதையான ‘பெட்டிக்கடை நாரண’னை முதலாண்டிலேயே எழுத்து மறுபிரசுரம் செய்தது. ஒரு சில்லறை வியாபாரியின் பிழைப்பே அதில் கவிதையாகிறது. பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதிய ‘உன் கை நகம்’ அதே ஆண்டு வெளியானது. நகம் வெட்டுவதெல்லாம் பாடுபொருளா என்று கேட்டவர்களுக்கு அந்தக் கவிதையே பதில். தி. சோ. வேணுகோபாலன், எஸ். வைதீஸ்வரன், சி. மணி, திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு (பிரமிள்) என்று வரிசை நீண்டது.

மாற்றம் பொருளில் மட்டும் நிகழவில்லை. மரபுக் கவிதை காதுக்கானது. சீரும் தளையும் ஓசையை நடத்தும். எழுத்துக் கவிதையிலோ வரி எங்கே முறிகிறது, எந்தச் சொல் தனியே நிற்கிறது என்பதைக் கண்தான் பார்த்தாக வேண்டும். யாப்பை மீறிய இதழுக்குத் தொல்காப்பிய முதல் அதிகாரத்தின் பெயர் வாய்த்தது வேடிக்கைதான்.

புதுக்கவிதை யாப்புத் தெரியாதவர்களின் வேலை என்ற ஏச்சு நியாயமானதல்ல. சி. மணியே பின்னாளில் ‘செல்வம்’ என்ற பெயரில் ‘யாப்பும் கவிதையும்’ என்று இலக்கண நூல் எழுதியவர்.

இதழில் வந்த கவிதைகளில் 63-ஐத் தேர்ந்து, 24 கவிஞர்களின் தொகுப்பாக ‘புதுக்குரல்கள்’ 1962-இல் வெளியானது. எழுத்துப் பிரசுர நூல்களைச் செல்லப்பா தாமே மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பின்னாளில் மாதந்தோறும் வரமுடியாமல் காலாண்டிதழான எழுத்து, 1970-இல் நின்றது. அதே ஆண்டு சென்னை இளைஞர்கள் ‘கசடதபற’ இதழைத் தொடங்கினார்கள்.