முசுமுசுக்கை: மதராசின் பெயர் தாங்கிய வேலிக்கொடி

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், பொன்னேரி வட்டாரத்து வேலிகளில் முசுமுசுக்கை தலைகாட்டிவிடும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் பனைமட்டை வேலியானாலும் வேலிக்காத்தான் புதரானாலும் இந்தக் கொடிக்கு ஒன்றுதான். மெல்லிய பற்றுக்கம்பியைச் சுருட்டிக்கொண்டு ஏறும். மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பூ, பட்டாணி அளவில் காய். பச்சைக் காயில் வெளிறிய வரிகள் ஓடும், பழுத்தால் செக்கச்செவேல். பக்கத்திலேயே படரும் கோவைக்கொடியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. தொட்டுப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். கோவை இலை வழவழப்பானது. முசுமுசுக்கையின் இலை, தண்டு, காம்பு எல்லாவற்றிலும் சுணை.

வெள்ளரி, பூசணி, பாகல், சுரை எல்லாம் சேர்ந்த பெருங்குடும்பத்தில் இது யாரும் விதைக்காத காட்டு உறுப்பினர். ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. அப்படிப்பட்ட செடிக்கு உலகத் தாவர நூல்கள் வைத்திருக்கும் பெயரில் ஒரே ஓர் ஊர்தான் இருக்கிறது. பழவேற்காட்டுக்குத் தெற்கே, கடற்கரையோடு ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனால் வரும் மதராசபட்டினம்.

அந்த இலத்தீன் பெயருக்குப் போகுமுன் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிடலாம், அதுதான் மூத்தது. சித்த மருத்துவ நூல்களில் முசுமுசுக்கைக்கு ‘இருகுரங்கின் கை’ என்று ஒரு மறைபெயர் உண்டு. கணக்கு எளிது. முசு என்றால் குரங்கு, முசுமுசு என்றால் இரண்டு குரங்கு, அதோடு கை. முசு என்பது பழந்தமிழில் உண்மையாகவே ஒருவகைக் குரங்கின் பெயர்தான். தொல்காப்பியத்தின் மரபியல், ஆண்மானுக்குரிய ‘கலை’ என்னும் பெயரை முசுவின் ஆணுக்கும் உரியதாக்குகிறது. வில்வ இலைகளை உதிர்த்த குரங்கு மறுபிறவியில் குரங்கு முகத்தோடு சோழ மன்னனாகப் பிறந்தது என்கிறது திருவாரூர்ப் புராணம். அந்த மன்னன் பெயர் முசுகுந்தன். இப்படி முசு என்றதும் குரங்கை நினைத்த காலம் ஒன்று இருந்தது. மூலிகையின் பெயரை அயலார் அறியாதபடி பொதிந்து வைக்க விரும்பிய சித்தர்களுக்கு அந்த நினைவு கைகொடுத்தது.

மறைபெயர் அழகானதுதான். அதையே சொல்லின் பிறப்பாகக் கொள்ள முடியாது. செடியில் குரங்கும் இல்லை, கையும் இல்லை. முருங்கையின் ‘கை’யில் எந்தக் கை இருக்கிறது? இந்தப் பெயர் பிறந்த இடம் செடியின் மேல்தோல் என்றே நான் நினைக்கிறேன். முசுக்கட்டை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த, பட்டால் அரிப்பெடுக்கும் கம்பளிப்பூச்சிக்கு அந்தப் பெயர் உண்டு. சொரசொரப்பான இலையுள்ள மல்பெரிச் செடிக்கும் அதுவே பெயர். இலையின் அடிப்புறத்தில் வெண்மயிர் படிந்த இன்னொரு கொடி முசுட்டை, சங்க நூல்களில் முசுண்டை. முசு என்னும் குரங்கும் உடல் முழுக்க மயிர் அடர்ந்த விலங்குதான். இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மயிர், சுணை, தோலில் ஊரும் அரிப்பு என்ற ஒரே உணர்வு எல்லாவற்றின் அடியிலும் ஓடுவது தெரிகிறது. முசுமுசு என்ற இரட்டிப்பு, சொரசொர, கரகர என்பவைபோல விரலில் படுவதைச் சொல்லும் ஒலிக்குறிப்பு. பேச்சில் மொசுமொசுக்கை என்று வழங்குவதும் இதற்குத் துணை நிற்கிறது. பெயர் வைத்தவர் இலையைக் கிள்ளியவர். குரங்குக் கணக்கு பின்னால் வந்த புலமை விளையாட்டு.

இதற்கு இன்னொரு சாட்சி ஏரியின் வடகரையில் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய. தெலுங்கில் இந்தக் கொடிக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று நூகுதோச. தோச என்றால் வெள்ளரி, நூகு என்றால் பூமயிர். மயிர் படர்ந்த வெள்ளரி! இரண்டு மொழிக்காரர்களும் ஒரே இலையைத் தடவிப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் தெலுங்குக்காரர் ஒருபடி மேல். இது வெள்ளரியின் இனம் என்பதையும் பெயரிலேயே சொல்லிவிட்டார். அது எவ்வளவு சரியான கணிப்பு என்று ஐரோப்பியத் தாவரவியல் உறுதிசெய்ய 2007 வரை ஆயிற்று.

அந்தக் கதைக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன், அவருக்குப்பின் எட்வர்ட் பல்க்லி இருவரும் சுற்றுவட்டாரத்துச் செடிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பெயர்களையும் கேட்டு எழுதி அனுப்பினார் பிரௌன். லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை அச்சேற்றினார். லியனார்ட் ப்ளுக்னெட் என்ற மருத்துவரோ தம் பெரும் படத்தொகுதிகளில் மதராசுச் செடிகளுக்கு ‘மதராசபட்டினத்தது’ என்ற இலத்தீன் அடைமொழியைத் தாராளமாகச் சூட்டினார். தாவரவியலாளர் லின்னேயசு 1753-இல் வெளியிட்ட நூலில், பலசொல் பெயர்களையெல்லாம் இருசொல் பெயர்களாகச் சுருக்கியபோது நம் கொடி ‘குக்குமிஸ் மதராஸ்பட்டானுஸ்’ ஆயிற்று. மதராசபட்டினத்து வெள்ளரி என்று பொருள்.

பழவேற்காட்டுக்காரர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். மதராசில் ஆங்கிலேயர் கால் வைத்தது 1639-இல். டச்சுக்காரர் அதற்கு முன்பே, 1613-இல், பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அப்படியிருக்க, செடிக்கு மட்டும் மதராசின் பெயர் எப்படி வந்தது? வணிகம் நடந்த இடத்தின் பெயர் வணிகப் பொருளோடு போயிற்று: பழவேற்காட்டுக் கைக்குட்டைத் துணி ‘புலிகாட்’ என்ற பெயரிலேயே கடல்கடந்து விற்றது. செடிகளை உலர்த்தி ஒட்டி அனுப்பிய மருத்துவர்களோ இருந்தது மதராசில்; அதனால் செடியோடு போனது மதராசின் பெயர்.

டச்சுக்காரருக்கும் இந்தக் கொடி தெரியாதது அல்ல, அவர்கள் அதை மேற்குக் கரையில் சந்தித்தார்கள். கொச்சியில் ஆளுநராயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீடே, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர், மூன்று கொங்கணிப் பண்டிதர்கள் ஆகியோர் துணையோடு உருவாக்கிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. அதன் எட்டாம் தொகுதியில் முசுமுசுக்கை, மலையாளப் பெயரோடு இருக்கிறது: முக்காப்பீரி. அதிலுள்ள ‘பீரி’ நம் பீர்க்கின் உறவாகவே எனக்குப் படுகிறது; சங்க நூல்களில் பீர்க்குக்குப் பீர், பீரம் என்ற பெயர்கள் உண்டு. அதே வான் ரீடேதான் பின்னாளில் டச்சுக் கம்பெனியின் ஆணையராகச் சோழமண்டலக் கரையைத் தணிக்கை செய்தவர். 1690-இல் டச்சுத் தலைமையிடம் பழவேற்காட்டை விட்டு நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது.

அந்த மலையாளப் பெயருக்கும் ஒரு காலம் வந்தது. ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னட், இந்தக் கொடி வெள்ளரியோடு சேராது என்று கருதி 1840-இல் தனிப் பேரினம் ஒன்றை அமைத்து, முக்காப்பீரியின் தலையை எடுத்து அதற்கு ‘முக்கியா’ என்று பெயரிட்டார். வெளியான இடம் மதராசிலிருந்து வந்துகொண்டிருந்த இலக்கிய அறிவியல் இதழ்! 1846-இல் தாவரவியலாளர் ரோமர் இரண்டையும் பொருத்த, செடி ‘முக்கியா மதராஸ்பட்டானா’ ஆயிற்று. முன்பெயர் மலையாளம், பின்பெயர் மதராசு. 1881-இல் பெல்ஜியத்துக் கோன்யோ அதை வேறொரு பேரினத்துக்கு மாற்றினார். பின்பு வந்தவர்கள் மறுபடி முக்கியாவுக்கே கொண்டுவந்தார்கள். இன்றும் சித்த மருந்து நூல்கள் பலவற்றில் அந்தப் பெயரைத்தான் பார்க்கலாம்.

2007-இல் மரபணு ஆய்வுகள் தீர்ப்பு சொல்லின. முக்கியா தனிப் பேரினம் அல்ல, வெள்ளரியும் முலாம்பழமும் அடங்கிய குக்குமிஸ் பேரினத்துக்குள்ளேயே அதன் கிளை இருக்கிறது. முக்கியா மறைந்து, செடி லின்னேயசு வைத்த பழைய பெயருக்கே திரும்பியது. வெள்ளரி, முலாம்பழம் இரண்டும் ஆசியாவில் தோன்றியவை என்று 2010-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. ஆக, வேலியில் கிடக்கும் இந்தக் கொடி நம் தோட்டத்து வெள்ளரிக்குத் தூரத்துச் சொந்தம் என்பதில் இனி ஐயமில்லை. நூகுதோச என்றவர் அன்றைக்கே சொன்னதுதான்.

ஐரோப்பியப் பெயர்கள் இத்தனை முறை மாறியபோதும் முசுமுசுக்கை மாறாததற்குக் காரணம் அடுப்படி. ஊறவைத்த புழுங்கலரிசியோடு இலையைப் போட்டு, மிளகும் சீரகமும் சேர்த்து அரைத்து அடை தட்டினால் சுணை இருந்த இடம் தெரியாது. துவையலும் அரைப்பார்கள். மழைக்காலத்துச் சளிக்கும் இருமலுக்கும் தூதுவளையோடு சேர்த்து இதைச் சமைப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். சளி விட்டதா என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ருசிக்கு நான் உத்தரவாதம். பறிப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று: இதே வேலியில் ஐவிரலிக் கொடியும் படரும். அதன் பழம் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும், அதை வாயில் வைக்கக் கூடாது.

வேலிகள் போய்க்கொண்டிருக்கின்றன. கல்சுவரும் முள்கம்பியும் வந்த தெருவில் ஏறிப்படர இடமில்லை. செடியை விடப் பெயர் வேகமாகப் போய்விடும் என்பதே என் கவலை. மீன்கூடை சுமந்து திரும்பும்போது வேலியில் கீரை கிள்ளிவந்த பாட்டிமார் காலத்தோடு அது நின்றுவிடக் கூடாது. மொசுமொசுக்கை என்பதற்கு இன்னும் எத்தனை திரிபுகள் குப்பத்துக்குக் குப்பம் வழங்குகின்றனவோ, அவற்றை அகராதிக்காரர் வந்து கேட்கப் போவதில்லை. பொன்னேரி, பழவேற்காட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மழைக்காலத்தில் உங்கள் மாணவர்களிடம் ஆளுக்கொரு முசுமுசுக்கை இலையைக் காகிதத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அதன் கீழே தங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே, எழுத்துத் திருத்தாமல், ஊர்ப்பெயரோடு எழுதி வரச் சொல்லுங்கள். தமிழானாலும் தெலுங்கானாலும் சரி.