ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?



நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவர் ஆசிரியர். அந்த ஆசிரியருக்குக் கற்பிக்கும் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. வாத்தியார் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கணக்குத் தெரிந்தவர் எல்லாராலும் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. சொல்லிக் கொடுப்பது தனியொரு தொழில். அந்தத் தொழிலை ஆசிரியர்கள் எப்படிக் கற்றார்கள், அவர்களுக்கு யார் துணை நின்றார்கள் என்ற வரலாற்றை இன்று சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். பால்மரம் சீவுவதை யாரும் புத்தகம் படித்துக் கற்றதில்லை. கத்தி ஆழமாகப் போகாவிட்டால் பால் குறையும். அளவுக்கு மீறி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். இந்த அளவைக் கை எப்படி அறிந்துகொண்டது? அம்மாவோ அப்பாவோ அனுபவம் மிக்க பக்கத்து வீட்டுக்காரரோ மரத்தடியில் உடன் நின்று, சீவிக் காட்டி, நம்மைச் சீவச் சொல்லி, அங்கேயே திருத்தினார்கள். பிறகு கங்காணி வந்து காயத்தை எண்ணிப் போனார். எண்ணியவர் வேறு, கற்றுக் கொடுத்தவர் வேறு. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும் பெரியவர்களுக்கு இது மறந்திருக்காது. இந்த இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தின் கதைக்கு வருவோம்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர் இருப்பார். சிறிய பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிப் பழகுவார்கள். மூத்த மாணவன் ஒருவன் அவர்களை மேய்ப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். தான் படித்ததைத் தம்பிமாருக்குச் சொல்லிக் கொடுப்பது அவன் வேலை. சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்க அவனுக்கும் பாடம் உறுதிப்படும்.

1789-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். பட்டாளத்து வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதை ஒருநாள் பெல் பார்த்தார். தம் விடுதியிலும் அப்படிச் செய்யும்படி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் இசையவில்லை. ஆகவே ஜான் பிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் வேலையை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்று சொன்னதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்.

1796-இல் சென்னையை விட்டுப் புறப்பட்ட பெல், மறு ஆண்டே இலண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். அந்த முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் இதைப் போன்ற முறையில் பள்ளி நடத்தினார். ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம், செலவும் குறைவு என்பதால் இம்முறை நாடு நாடாகப் பரவியது. நம் முன்னோரின் திண்ணையில் பிறந்த ஒரு பழக்கம் உலகம் சுற்றியது என்பது நமக்குப் பெருமைதான்.

ஆனால் அதன் குறையையும் சொல்ல வேண்டும். பெரிய கூடத்தில் நின்ற அந்தச் சிறுவர்களுக்குக் காலையில் தாங்கள் கேட்டது மட்டுமே தெரியும். ஒரு பிள்ளை ஏன் தவறு செய்கிறது என்று கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரியாது. ஒப்புவிக்கச் செய்தார்கள்; விளக்க முடியவில்லை.

இதை உணர்ந்த ஜேம்ஸ் கே ஷட்டில்வொர்த் என்ற அதிகாரி 1846-இல் வேறொரு வழியை வகுத்தார். பதின்மூன்று வயது நிரம்பிய நல்ல மாணவரைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாண்டுக் காலம் தலைமையாசிரியரிடம் தொழில் பழக விடுவது அந்த வழி. அவர்களுக்கு 'மாணவ ஆசிரியர்' என்று பெயர். பகலில் அவர்கள் வகுப்பு நடத்துவார்கள். தலைமையாசிரியர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குத் தனியே பாடம் சொல்ல வேண்டும். தேறியவர்கள் உதவித்தொகை பெற்றுப் பயிற்சிக் கல்லூரிக்குப் போகலாம். மரத்தடியில் உடன் நின்று திருத்தும் முறை இப்படிப் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது.

அது நெடுநாள் நன்றாக நடக்கவில்லை. 1862-இல் இங்கிலாந்து அரசாங்கம் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் தரும் விதியைக் கொண்டுவந்தது. சோதனை அதிகாரி வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லுவார். தவறினால் மானியம் குறையும். மாணவ ஆசிரியர்களின் எண்ணிக்கை சரிந்தது. ஆசிரியர்கள் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்து அந்த ஒருநாளைக் கடத்தினார்கள். காயத்தை எண்ணுகிறவர் வந்தார்; கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுப்பவர் குறைந்து போனார். அந்த விதி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதை மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகச் சொல்லுவார்கள். தோட்டங்களைப் பொறுத்தவரை 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் முக்கியமானது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் இருந்தால், தோட்டத்தில் பள்ளி அமைக்கும்படி நிர்வாகத்தைப் பணிக்க அச்சட்டம் இடம் தந்தது. பள்ளிகள் தோன்றின. ஆசிரியர் எங்கிருந்து வருவார்? கங்காணியோ கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வாத்தியார் ஆனார். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்றவரே பிறகு கரும்பலகை முன்னும் நின்றது உண்டு. அவர்களை இன்று குறைத்துப் பேசுவது அறமாகாது. யாரும் கற்றுக் கொடுக்காத தொழிலை அவர்கள் தாங்களே தடவித் தடவிக் கற்றார்கள்.

மலாய் ஆசிரியர்களுக்காக 1900-இல் மலாக்காவிலும், 1922-இல் தஞ்சோங் மாலிமிலும் பயிற்சிக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்லூரியே பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆனால் தமிழ் ஆசிரியர்களுக்கு அப்படித் தங்கிப் படிக்கும் கல்லூரி எதையும் ஆங்கிலேய ஆட்சி அமைக்கவில்லை. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கும் 'நார்மல் வகுப்பு'களே அவர்களுக்குக் கிடைத்தன. வாரமெல்லாம் நான்கைந்து வகுப்புகளை ஒரே கூடத்தில் மேய்த்துவிட்டு, ஓய்வு நாளில் பட்டணத்துக்குப் போய்ப் படித்த அந்தத் தலைமுறைக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1956-இல் ரசாக் அறிக்கை வந்தது. 1957-இல் கல்விச் சட்டம் வந்தது. எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுப் பாடத்திட்டம் என்ற கொள்கை ஏற்பட்டது. அதே ஆண்டில் பகல் பயிற்சி நிலையங்கள் தொடங்கி, நார்மல் வகுப்புகளின் இடத்தைப் படிப்படியாக நிரப்பின. அப்போது நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. 1996-இல் ஆசிரியர் பயிற்சி மூன்றாண்டு டிப்ளோமாவாக உயர்ந்தது. 2007 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் பட்டப்படிப்பில் சேரும் நிலை வந்தது. கங்காணி வாத்தியாரிலிருந்து பட்டதாரி ஆசிரியர்வரை நாம் நடந்து வந்த தூரம் சிறியதன்று.

ஆயினும் கல்லூரியை விட்டு வந்த ஆசிரியருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை இருக்கிறது. அதற்குள் பாடத்திட்டம் பலமுறை மாறும். 1982-இல் சோதித்துப் பார்த்து, 1983-இல் நாடு முழுதும் வந்த கே.பி.எஸ்.ஆர். திட்டத்தை எடுத்துக்கொள்வோம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் அது முன்னிறுத்தியது. பிள்ளைகளைக் குழுவாக அமர்த்தி, செயலின் வழி கற்பிக்கச் சொன்னது. ஆசிரியர்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் பயிற்றுவிக்க இயலாது. ஆகவே மத்தியில் சிலருக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் மாநிலத்திலும் மாவட்டத்திலும் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். செய்தி வேகமாகப் பரவியது. ஆனால் கை மாறிக் கை மாறி வரும்போது சாரம் குறைந்தது. பயிற்சி மண்டபத்தில் கேட்டது வேறு, வகுப்பில் முப்பது பிள்ளைகள் முன் நிற்பது வேறு. அங்கே ஆசிரியர் மறுபடியும் தனியாள் ஆனார்.

இந்தக் குறை உலகெங்கும் இருந்தது. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980-இல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார்கள். கொள்கையை விளக்க வேண்டும், செய்து காட்ட வேண்டும், பழக விட வேண்டும், குறை நிறை சொல்ல வேண்டும். இவற்றோடு வகுப்பறையில் உடனிருந்து வழிகாட்டினால்தான் புதிய முறை ஆசிரியரின் கைக்கு வரும் என்றார்கள். சீவுமரத்தடியில் நம் தாய்மார்கள் செய்ததும் இந்த ஐந்தையும்தான்.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டின் கல்விப் பெருந்திட்டத்தோடு இந்த வழி அரசாங்க வேலையாகவே அமைந்தது. எஸ்.ஐ.எஸ்.சி. பிளஸ் என்ற பெயரில் வழிகாட்டி ஆசிரியர்கள் மாவட்டக் கல்வி இலாகாக்களில் அமர்த்தப்பட்டார்கள். முதலில் கெடாவிலும் சபாவிலும் தொடங்கி, 2014-இல் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. பள்ளிக்குச் சென்று, பாடத்தைக் கவனித்து, ஆசிரியரோடு அமர்ந்து பேசி, அடுத்த பாடத்தைச் சீர்செய்ய உதவுவது அவர்கள் பணி.

இதனால் பயன் உண்டா? 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், இத்தகைய வழிகாட்டலைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் கற்பிக்கும் தரம் நன்றாக உயர்ந்தது. பிள்ளைகளின் தேர்ச்சியும் கூடியது. ஆனால் ஒரு திட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தபோது பயன் குறைந்தது. காரணம் விளங்குகிறதல்லவா? ஒரே ஆள் நூறு மரத்தடியில் நிற்க முடியாது. அவசரமாக வந்து போகிறவர் கடைசியில் படிவத்தை நிரப்பி, காயத்தை எண்ணுகிறவராகவே ஆகிவிடுவார்.

இதில் நம் பள்ளிகளுக்கென்று ஒரு கவலை இருக்கிறது. இன்று தமிழ்ப் பள்ளிகள் 520-க்குச் சற்று மேல்தான். அவற்றில் பல, 150 பேருக்கு மிகாத மாணவர்களைக் கொண்ட சிறு பள்ளிகள். தோட்டத்துப் பள்ளிகள் பெரும்பாலும் இவ்வகையே. அங்கே ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் இருப்பார். "இந்தப் பின்னக் கணக்கை நீங்கள் எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்கப் பக்கத்து அறையில் ஆள் இருக்கமாட்டார். ஆகவே மாவட்டத்திலிருந்து வரும் வழிகாட்டியை மட்டும் நம்பியிராமல், அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை மற்றவர் வந்து பார்த்து, மனம் விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். சம்பளம் உயர்த்துகிறவரும் தண்டிக்கிறவரும் அல்லாத ஒரு சக தொழிலாளியிடம்தான் "எனக்கு இது வரவில்லை" என்று கூச்சமின்றிச் சொல்ல முடியும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று பிள்ளை வந்து சொன்னால், வேலையைத் தட்டிக் கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் திரும்பி வந்ததும், என்ன புதிதாகக் கற்றார் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அன்போடு கேளுங்கள். வகுப்பின் கடைசியில் இன்னோர் ஆசிரியர் அமர்ந்து குறிப்பு எழுதினார் என்று பிள்ளை சொன்னால், நம் வாத்தியாருக்கு ஏதோ கோளாறு என்று லயத்தில் பேச்சு எழ வேண்டியதில்லை. ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். அப்படி யாருமே பள்ளிக்கு வருவதில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

திண்ணையில் சட்டாம்பிள்ளையின் பக்கத்தில் ஆசிரியர் இருந்தார். தோட்டத்தில் கங்காணி வாத்தியாரின் பக்கத்தில் யாரும் இல்லை. இன்று நம் ஆசிரியரின் பக்கத்தில் ஒருவர் நிற்க வழி பிறந்திருக்கிறது. அந்த இடம் வெறுமையாகிவிடாமல் பார்த்துக்கொள்வது பள்ளிக்கும் இலாகாவுக்கும் பெற்றோருக்கும் பொதுவான கடமை.